அருளம்பலத்தாரின் தனிச் சட்டி

கௌபிப் பயறை முதல்நாளே ஊறப்போட்டுவிட வேண்டும், கிறிஸ்தோபர் சுவாமி. இல்லாவிட்டால் எவ்வளவு அவித்தாலும் பல்லைப் பதம் பார்க்கும். பாவசங்கீர்த்தனத்தில் முழங்காலில் இருந்துகொண்டு இவ்வளவையும் சொல்ல என்னால் முடியாது. அதனால் எழுதித் தருகிறேன்.

ஊறிய கௌபியை உப்புப் போட்டு அவித்து, பயிற்றங்காயை அரை அவியலில் எடுத்து, வெள்ளரிக்காய், தக்காளி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் எல்லாம் அரிந்து சேர்த்துத் தேசிக்காய்ப் புளி விட்டால் சலாது. கௌபி கிடைக்காத கிழமையில் பச்சைப் பயறு போடலாம். வெள்ளரி இல்லையென்றால் பப்பாசிக்காய். எதையும் மாற்றலாம். ஒன்றை மட்டும் நான் மாற்றியதில்லை, அதற்கு வருகிறேன்.

என் புருஷன் இக்னேசியஸ் காலமான மறுவருடம், அறுபத்திரண்டில், ஓர்ஸ் ஹில் வீட்டின் முன்னறையைத் துறைமுகக் கந்தோர்க் கிளாக்கர் அருளம்பலத்தாருக்குச் சாப்பாட்டோடு வாடகைக்கு விட்டேன். சுத்த சைவம். முட்டை பொரிக்கும் வாசம் வந்தாலே யன்னலைச் சாத்திவிடுவார். மீன் இறைச்சி புழங்கும் வேதக்கார வீட்டில் சாப்பிடுவதால் தனிச் சட்டியும் தனிக் கரண்டியும் கையோடு கொண்டுவந்தார். அவற்றை நான் வேறு சமையலுக்குத் தொட்டதே இல்லை. மாசித் தூளைக்கூட அவருடைய கரண்டியால்தான் போட்டேன்.

ஓம், சுவாமி, மாசிக் கருவாடுதான். மீன்தான். வறுத்து, மாவாக இடித்து, மிளகுத் தூளோடு கலந்துவிட்டால் கண்ணுக்கு மிளகுதான். மனுஷன் வந்த மாதம் எலும்பும் தோலுமாக இருந்தார், பார்க்கப் பொறுக்கவில்லை. முதல்நாளே சலாதை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "சைவச் சாப்பாட்டில இப்பிடியொரு ருசி இருக்கெண்டு எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது" என்றார். கந்தசஷ்டி விரதத்தில் ஒருநேரச் சாப்பாட்டுக்கும் அதையே கேட்டார். கொடுத்தேன். அந்த ஆறு நாளும் மரியாதைக்குக் கொஞ்சம் குறைத்துத்தான் போட்டேன்.

போன தையில் அவருக்கு லிங்கநகரில் சம்பந்தம் முற்றாகியது. பெண் பாக்கியரத்தினம், நல்ல பிள்ளை. வெள்ளிக்கிழமைகளில் அங்கேதான் இவருக்கு மத்தியானச் சாப்பாடு. அவள் செய்த சலாதில் ஏதோ குறைகிறது என்று இவர் சொல்லப்போக, அவள் கொப்பியும் பென்சிலுமாக என் குசினிக்கே வந்துவிட்டாள். பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன்.

"றீற்றாக்கா, ஒண்டையும் விடேல்லையே?" என்று கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை, எல்லாம் சொல்லிப்போட்டன்" என்றேன்.

அது பொய். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

மூன்று வெள்ளி அவள் செய்து பார்த்தாள். மூன்றாம் வெள்ளி இவர் தட்டைத் தள்ளிவைத்து, "மனசு வைச்சுச் சமைக்க வேணும்" என்றாராம். "அப்ப அந்தச் சலாதையே கலியாணம் கட்டுங்கோ" என்று அவள் எழும்பி உள்ளே போய்விட்டாள். சம்பந்தம் அத்தோடு முறிந்தது. சந்தோஷப்பட்டாயா என்று கேட்டால், ஓம், பட்டேன். அந்தப் பிள்ளைக்கு நல்ல இடத்தில் கலியாணம் நடக்க நாள்தோறும் செபமாலை சொல்கிறேன். தூர இடமாக இருந்தால் இன்னும் நல்லது.

மாசியை நிறுத்தச் சொல்லாதீர்கள், சுவாமி. இப்போதுதான் அவருக்குக் கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருக்கிறது. அவர் மாசி ருசிக்காக இங்கே கிடக்கிறார் என்றும் நினைக்க வேண்டாம். வேறு அறை தேடாமல் இரண்டு வருடமாக இருப்பது என்மேல் உள்ள பட்சத்தால்தான். அப்படியென்றால் ஒருநாள் மாசி போடாமல் வைத்துப் பார்க்கலாமே என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.