வாந்தி வருமென்று சொன்ன பெண்

பாம்பனில் ராமநாதபுரம் பஸ்ஸில் ஏறியபோது நாங்கள் நாலு பேர். முன்சீட்டில் ஓர் அம்மாவும் அவள் மதினியும். பின்சீட்டில் பள்ளிச் சீருடையில் தூங்கும் அந்த அம்மாவின் மகள், பக்கத்தில் நான்.

“எம்மவளுக்கு பஸ்ல போனா வாந்தி வருமாம் மதினி. அதனால டூருக்கு வரலன்னு டீச்சர்ட்ட சொல்லிருக்கா.”

“தெனமும் இந்த பஸ்லதானடி ராம்நாடு போயிட்டு வாரா?”

“போன வாரம் லீவுன்னு எங்கூட கடலுக்குள்ள பாசி எடுக்க வந்தா. பாறை கிழிச்சு என் வெரலெல்லாம் ரத்தம். உப்புத்தண்ணி பட்டு நான் அழுததப் பாத்துட்டா. அன்னையிலருந்து எதுவுமே கேக்க மாட்டேங்கிறா.”

“நல்லதுதான? தீவாளிக்குச் சுடிதார் பிடிக்கலன்னு மூணு நாளு சோறு திங்காத மகாராணியாச்சே.”

“அவ சண்ட போட்டாத்தான் எனக்கு நல்லாருக்கு. பிள்ளைக்கு முன்னால அழுதுட்டமேன்னு கேவலமா இருக்கு மதினி. இன்னைக்கு டீச்சரப் பாத்து அவ பேரச் சேத்துட்டு வாரேன்.”

அம்மா திரும்பி மகளைப் பார்த்தாள். மகளின் மூடிய இமைகள் துடித்தன. தூங்கவில்லை என்று சொல்லலாமா, சொன்னால் அந்தம்மா கூனிக் குறுகிவிடுவாளோ என்று தயங்கினேன். ஒட்டுக் கேட்டவள் நானும்தானே. டிக்கெட்டைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

“எம்புட்டு கட்டணும்?” என்றாள் மதினி.

“முந்நூறு முன்னாடியே கட்டிட்டா. இன்னும் எழுநூறு.”

கண்ணைத் திறக்காமலே மகள் சொன்னாள்:

“எழுநூத்தம்பதும்மா.”