முற்றத்தில் அறுபட்ட பசு

"என் போதோ, உன் பேரைச் சொல்லச் சொல்றாங்க, நான் மாட்டேன்" என்றுதான் முதலில் கூறினேன். எங்கள் பக்கம் மனைவி கணவன் பெயரைச் சொல்வதில்லை; 'போதோ', ஒட்டகக்குட்டி, என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். எசென்கெல்தி என்று விசாரணை அதிகாரியே எழுதிக்கொண்டார்.

என் பெயர் கான்ஷாயிம். வயது நாற்பத்தொன்று. ஜலாலாபாத் பக்கம் தாஷ்-புலாக் கிராமத்தில் இரண்டு பெண் பிள்ளைகளோடு இருக்கிறேன்.

மழை மண்ணை அரித்துப்போன மேட்டில் எங்கள் பசு மேய்ந்தது. என் மாமனார் காலத்தில் நோயில் செத்த மாடுகளை அங்கேதான் புதைத்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. பசு தள்ளாடி விழுந்தது. கணவர் மாட்டு டாக்டரைத் தேடிப் போனார், அவர் மலைக்குப் போயிருந்தார். அதற்குப் பிறகு கொழுந்தன் மாம்பெத்கான் வந்து, "உயிர் போறதுக்குள்ள அறுத்தாத்தாண்ணே ஹலால். இல்லன்னா நாய்க்குத்தான். டாக்டர் வந்து அதுக்குத் தாலாட்டா பாடப்போறாரு?" என்றார். கணவர் சிரித்துவிட்டார்.

கொழுந்தன் அறுத்தார், கணவர் கொம்பைப் பிடித்தார். ரத்தம் கறுப்பாக வந்து, உறையாமல் முற்றமெங்கும் ஓடியது. கறியை அக்கம்பக்கத்துக்குப் பங்கு வைத்தோம். கணவர் கையில் வேலிக் கம்பி கிழித்த காயம் இருந்தது. அதில் கொப்புளம் வந்து, நடுவில் கரிபோலக் கறுத்தது. வலியே இல்லை என்றார். பிறகு தோள்வரை வீங்கி ஆஸ்பத்திரியில் இறந்தார். பங்குக் கறி வாங்கிய பக்கத்து வீட்டுக்காரரும் இறந்தார். அதற்குத்தான் இந்த வழக்கு. என் கணவரைக் குளிப்பாட்ட விடவில்லை. சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தார்கள்.

அதன்பின் மலையிலிருந்து வந்த மாட்டு டாக்டர், இது அடைப்பான் நோய், ஆந்த்ராக்ஸ், அறுக்காமல் விட்டிருந்தால் அந்தக் கிருமி செத்த மாட்டுக்குள்ளேயே அழுகி அழிந்திருக்கும், ரத்தத்தில் காற்று பட்டதும் ஓடு கட்டிக்கொண்டது, இனி வெயிலுக்கும் பனிக்கும் சாகாமல் என் பேத்திகள் காலத்திலும் முற்றத்து மண்ணில் கிடக்கும் என்றார்.

நேற்று கொழுந்தன் மனைவி உருனிசா வந்து, "அறுத்தது மூத்தவருன்னு சொல்லிடுங்கக்கா. செத்தவரை யாரு ஜெயில்ல போடப்போறா? இவரும் போயிட்டா ரெண்டு வீட்டுக்கும் விறகு யாரு கொண்டு வருவா?" என்று அழுதாள். அவள் சொன்னது சரி. எங்களுக்கு வேறு ஆண் துணை கிடையாது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் சாவை என் கணவர் தலையில் வைத்தால், என் பிள்ளைகள் அந்த வீட்டைத் தாண்டி நடக்க முடியாது. அறுத்தது மாம்பெத்கான்.

இதைப் படித்துக் காட்டினார்கள். என் வாயால் சொன்னதுதான், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கையெழுத்துப் போடும் முன் நான் என் கணவரிடம் கேட்டதையும் எழுதச் சொன்னேன்: "போதோ, உன் தம்பியைக் காட்டிக்கொடுத்துட்டேன். நீயா இருந்தா அந்தப் பழியை நீயே சுமந்திருப்பியா?"

(ஒப்பம்) கான்ஷாயிம்