மூன்று நிமிட மேசையை விட்டு எழுகின்ற எங்கள் மணியக்காவுக்கு

நேரம் காத்த நெறியே! நெஞ்சுரத்தின் நிறைவே! மன்றம் மதித்த மாண்பே! மணியோசை ஒன்றாலேயே மாபெரும் நாவலரையும் மடக்கி அமர வைத்த மங்காப் புகழே! மாநகர மன்றத்தின் பொதுக்கருத்து மேசையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் அமர்ந்து, பேச வந்தவர் பெருஞ்செல்வரா பேருந்து ஓட்டுநரா என்று பாராமல் பேச்சின் நேரத்தை மட்டும் அளந்து, இன்று பணி நிறைவு பெற்று விடைபெறும், எங்கள் அன்புக்கும் கொஞ்சம் அச்சத்துக்கும் உரிய மணியக்கா அவர்களே! வணக்கம்.

இந்த மன்றத்தில் பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். இரண்டரை நிமிடத்தில் மஞ்சள் விளக்கு, மூன்றாம் நிமிடத்தில் மணி. விளக்கும் மணியும் உங்கள் கையில். ‘கடைசியாக ஒன்று’ என்று தொடங்கி ஏழு கடைசிகளைச் சொல்லும் ஓய்வுபெற்ற பேராசிரியரை ஒரே மணியில் உட்கார வைத்தவர் நீங்கள். நான்கு வழக்கறிஞர்களோடு வந்த கட்டட அதிபரின் பேச்சு ‘ஆகவே’ என்ற சொல்லோடு முடிந்தது. ஆகவே என்ன என்பது இன்றுவரை எவருக்கும் தெரியாது. மேயரின் மைத்துனருக்கும் அதே மூன்று நிமிடம், மேயரின் வீட்டுக் காவலாளிக்கும் அதே மூன்று நிமிடம்.

பேசுபவரின் முகத்தை நீங்கள் பார்ப்பதில்லை. தலை குனிந்து கையிலுள்ள கடிகாரத்தையே பார்ப்பீர்கள். “முகத்தைப் பாத்தா கை தயங்கும்” என்று, பணியில் சேர்ந்த முதல் வாரமே எங்கள் ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறீர்கள். பேசி முடித்து இறங்குபவருக்கு முதலில் தண்ணீர் நீட்டுவதும் நீங்கள்தான். அடிக்கிற கையே அணைக்கும் என்று நாங்கள் உங்களைக் கேலி செய்ததுண்டு.

பாராட்டு மடல் என்றால் இந்த இடத்தில் ‘வாழ்க’ என்று எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டுவிடலாம். அப்படித்தான் முதலில் எழுதினோம். எழுதியதை உரக்க வாசித்துப் பார்த்தபோது தட்டச்சுப் பிரிவுத் தோழி, “எல்லாம் சரி, இதுல அண்ணனைக் காணோமே?” என்றார். ஆகவே அதையும் சொல்லிவிடுகிறோம். ‘நீங்கள்’ என்று சொன்னால் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவீர்கள். அதனால் வேறு யாரோ ஓர் அக்காவின் கதையைச் சொல்வதுபோல் சொல்கிறோம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் இந்த மன்றத்தில் பழைய சரக்குக் கொட்டகைப் பகுதியைப் பற்றிய விவாதம் நடந்தது. அறுபது ஏக்கரை இடித்துவிட்டு அடுக்குமாடிகளும் அங்காடிகளும் பூங்காவும் கட்டுவது திட்டம். செலவில் பாதியைப் பொதுப்பணத்திலிருந்து மாநகரம் தர வேண்டும். தரலாமா கூடாதா என்று பேச இருநூற்றுப் பதினான்கு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். இரண்டு நாள் கூட்டம். மழை பெய்தால் வகுப்பறைக்குள் சாக்கடை வருகிறது, யார் பணத்திலாவது எதையாவது செய்யுங்கள் என்றார் ஒரு தலைமையாசிரியை. அந்தப் பணத்தில் எட்டு மருத்துவமனை கட்டலாம், அதைக் கொண்டுபோய்க் கட்டட அதிபர் மடியில் கொட்டுகிறீர்களே என்றார் ஒரு செவிலியர். இருவருக்கும் கைதட்டல் கிடைத்தது.

அக்காவின் அண்ணன் அந்தப் பகுதியில் கடைசல் பட்டறை வைத்திருந்தார். அவருக்குத் திட்டம் வேண்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. அவர் தெருவில் நாற்பத்தொரு பட்டறைகள். நாற்பத்தொன்றும் வாடகை இடம். இடிபடும் கடைகளின் உரிமையாளர்களுக்கு மாநகரச் செலவில் மாற்று இடம் என்று தீர்மானத்தில் இருந்தது. வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எங்களுக்கும் ஒரு மாற்று இடம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். எழுத்து மனுவுக்கான கடைசி நாள் முடிந்த பிறகே தெருவுக்கு விஷயம் தெரிந்தது. இனிப் பேசித்தான் ஆக வேண்டும். மணி அடிப்பதற்குள் கேட்டது பதிவாகும், பதிவானது வாக்கெடுப்புக்குப் போகும். மணிக்குப் பிறகு சொன்னதை யாரும் எழுத மாட்டார்கள். அது மன்றத்தின் விதி.

தெருவே கூடி, அண்ணனையே அனுப்புவது என்று முடிவு செய்தது. அவருடைய தங்கை மன்றத்தில் வேலை பார்க்கிறாள் என்பதுதான் காரணம். அண்ணனுக்குச் சிறு வயதிலிருந்தே திக்குவாய். வாடிக்கையாளரிடம் திக்குவார், மனைவியிடம் திக்குவார், தொலைபேசியை எடுத்து ‘யார்’ என்று கேட்பதற்குள் எதிர்முனையில் வைத்துவிடுவார்கள். அக்காவிடம் மட்டும் திக்காது. தண்ணீர் ஓடுவதுபோல் பேசுவார். எந்த மருத்துவரும் அதற்குக் காரணம் சொல்லவில்லை. அண்ணன் தெருவுக்காகப் பேச ஒப்புக்கொண்டதும் அந்தத் தைரியத்தில்தான். “நீ எதிர்ல உட்காந்திருப்பல்ல பாப்பா? அப்புறம் எனக்கு எங்க திக்கப்போகுது?” என்றாராம். ஐம்பதை நெருங்கிய அக்கா அவருக்கு அப்போதும் பாப்பாதான்.

அதற்கு முந்திய ஞாயிறு, அக்கா வீட்டுச் சமையலறையில் ஒத்திகை. அண்ணன் அலமாரியில் சாய்ந்து நின்று பேசினார். அக்கா வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னது அக்காவின் மகள். இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி. ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. “பத்து விநாடி மிச்சம் இருக்கு அண்ணா, அதுல ஒரு நன்றி சொல்லிடுங்க” என்று அக்கா சிரித்தார். மறுநாள் தேநீர் வேளையில் இதை எங்களிடம் சொன்னபோது அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அண்ணன் கேட்கப்போவதை ஒரு வரி விடாமல் ஒப்பித்தார். சமையலறையில் தாம் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தோம், மன்றத்தில் கடிகாரத்தைத்தான் பார்க்கப்போகிறோம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. அத்தனை பேர் கேட்டோம், எங்களுக்கும் தோன்றவில்லை.

இரண்டாம் நாள் மதிய இடைவேளைக்குப் பிறகு, நூற்றெண்பத்தாறாவது பெயராக அண்ணன் பெயர் வந்தது. எண்ணெய்க் கறை போகத் தேய்த்துத் தேய்த்துச் சிவந்துபோன கைகளோடு ஒலிவாங்கியின் முன் வந்து நின்றார். தங்கையைப் பார்த்தார். தங்கை தலை குனிந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கம். ‘மதிப்பிற்குரிய’ என்ற முதல் சொல்லைத் தாண்டவே அண்ணனுக்கு நாற்பது விநாடி ஆனது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் மறுபடியும் மறுபடியும் மேசைப் பக்கமே பார்த்தார். மஞ்சள் விளக்கு எரிந்தபோது நாற்பத்தொரு பட்டறைகள் என்பதுவரை வந்திருந்தார். அக்காவின் நெற்றி வியர்த்தது, தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் மணி அடிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். “எங்களுக்கும் ஒ… ஒரு மா…” என்னும்போது மூன்று நிமிடம் முடிந்தது. அக்கா மணி அடித்தார்.

அந்த வாக்கியத்தின் மீதி அன்று பணியில் இருந்த எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். பேச இன்னும் இருபத்தெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். அவர்களில் ஒருவர் கையில் ஒரு துண்டுச் சீட்டைத் திணித்திருந்தால் போதும், அவர் கேட்டிருப்பார். பணியாளர் விவாதத்தில் தலையிடக் கூடாது என்ற விதி எங்களுக்கு அந்த நேரம் பார்த்து நன்றாக நினைவுக்கு வந்தது. இருபத்து மூன்றுக்குப் பத்தொன்பது என்று தீர்மானம் நிறைவேறியது. எட்டே மாதத்தில் அந்தத் தெரு இல்லை.

அன்று மாலை அண்ணன் படிக்கட்டில் காத்திருந்தார். அக்கா அழுதுகொண்டே இறங்கி ஓடினார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணன் சமாதானம் சொன்னார். “நீ உன் வேலையைத்தானே பாத்த பாப்பா. எ… எனக்கு ஒ… ஒண்ணும்…” அதற்கு மேல் வரவில்லை. அக்காவிடம் அண்ணனுக்குத் திக்கியது அதுதான் முதல் முறை.

மணியக்கா, இனி ‘நீங்கள்’ என்றே சொல்கிறோம். உடன்பிறந்தவர் என்றும் பாராமல் கடமை தவறாதவர் என்று அந்த ஆண்டு உங்களுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதை அழகழகான சொற்களால் எழுதியவர்கள் நாங்கள். கைதட்டியவர்களும் நாங்கள். நீங்கள் அதை வீட்டுக்கு எடுத்துப் போகவே இல்லை. ஒருநாள் மதிய உணவின்போது, யாரும் கேட்காமலே, டப்பாவை மூடியபடி நீங்கள் சொன்னீர்கள்: “கடை போனது கூடப் பரவாயில்ல. கூலிக்கு ஒரு பட்டறையில சேந்துட்டாரு. ஆனா இப்பல்லாம் எங்கிட்டயும் திக்குறாரு.” நாங்கள் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். குழம்பு நன்றாயிருக்கிறது என்று ஒருவர் சொன்னார். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

பேச்சுத் தடை உள்ளவர்களுக்கு நேரத்தை நீட்டித் தர வேண்டும் என்று ஆண்டுதோறும் நீங்கள் ஒரு விண்ணப்பம் கொடுத்தீர்கள். பத்து விண்ணப்பங்கள். பத்தையும் ‘பார்வைக்கு’ என்று எழுதிக் கோப்பில் கட்டி வைத்தோம். பதினோராவதை இன்று காலை மன்றச் செயலரிடம் நாங்களே கொடுத்திருக்கிறோம், இந்த மடலின் கீழ் உள்ள அத்தனை கையெழுத்துகளோடும். காலம் கடந்த காரியம்தான். உங்கள் அண்ணனுக்கு இது எதையும் திருப்பித் தராது என்றும் தெரியும்.

இன்னும் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். போன வாரம் எங்களில் நால்வர் அண்ணனை இந்த விழாவுக்கு அழைக்கப் போனோம். வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். உங்கள் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. “பாப்பாகிட்ட சொல்லுங்க, நா… நான் வ… வ…” என்று தொடங்கினார். அந்த நேரம் பார்த்துப் பேருந்து வந்துவிட்டது. அடுத்த பேருந்துக்கு முக்கால் மணி நேரம். சரிங்க அண்ணா, சரிங்க என்று தலையாட்டிவிட்டு ஓடிவந்து ஏறிக்கொண்டோம். வருகிறேன் என்றாரா, வரவில்லை என்றாரா, வருத்தமில்லை என்றாரா? எங்களுக்குத் தெரியாது. முன்வரிசையில் அவருக்காகப் போட்ட நாற்காலி இதை வாசிக்கும் இந்த நிமிடம்வரை காலியாக இருக்கிறது. அவர் சொல்ல வந்ததை எங்களால் உங்களிடம் சேர்க்க முடியவில்லை, அக்கா. நீங்களேதான் போய்க் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நேரத்தின் நெருக்கடியிலிருந்து இன்று விடுதலை பெறும் நேயமிகு தாயே! நீடு வாழ்க என்று எல்லா மடலிலும் எழுதுவார்கள்; நாங்களும் எழுதுகிறோம், ஏன் என்று தெரிந்தே எழுதுகிறோம். நீங்கள் நீடு வாழ வேண்டும். உங்கள் அண்ணனும் நலமோடு நீடு வாழ வேண்டும். அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் முகத்தையே பார்த்தபடி, ஒரு சொல் வெளியே வர ஒரு பகல் முழுதும் ஆனாலும் எழுந்துவிடாமல் நீங்கள் உட்கார்ந்திருக்கும் அளவுக்கு, உங்கள் இருவருக்கும் ஆண்டுகள் மிச்சம் இருக்கட்டும்.

என்றும் உங்கள் அன்பை மறவாத,
மாநகர மன்றச் செயலகப் பணியாளர்கள் பதினேழு பேர்