அன்னைக்கு ராத்திரி எடுத்த டேப்

ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். ஊருக்கு வெளிய, ரெண்டு பக்கமும் குடோன் மட்டுமே இருக்கிற ரோடு. ஒரு விளக்கு எரிஞ்சா அடுத்த மூணு எரியாது. அந்த ரோட்டுல ஒரு பொம்பளை தனியா ஸ்கூட்டர் ஓட்டிட்டுப் போறா... நைட்டி மேல புருஷனோட சட்டையை மாட்டிக்கிட்டு.

அவ என் தோழி. என்கூட ஒண்ணா படிச்சவ. அதனால இது யாரோ யாருக்கோ நடந்ததா சொல்ற கதை இல்ல. அவ வாயால என்கிட்ட சொன்னது. சொல்லி முடிக்கிற வரைக்கும் என் கையைப் புடிச்சிருந்தா... விடவே இல்ல.

கிட்ட வந்து உக்காருங்க. கரண்ட் வர்ற வரைக்கும் எவனும் போன் அடிச்சு "மெயில் வரல"ன்னு உயிரை எடுக்கப் போறதில்ல. நைட் ஷிப்ட்ல கிடைக்கிற ஒரே நிம்மதி இது. ஏய், நீ எங்க எழுந்திரிக்கிற? சர்வர் ரூம் கதவா? திறந்தே கிடக்கட்டும். சாத்தாத. ஏன்னு அப்புறம் உனக்கே தெரியும்.

அவ வீட்டுக்காரருக்கும் நம்ம பொழப்புதான். மெயில் சர்வர். கம்பெனி ஒரு கோல்ட் ஸ்டோரேஜ்... சரக்கைக் குளிர்ல வெக்கிற இடம். கீழ கோல்ட் ரூம், மேல ஆபீஸ். ராத்திரி பேக்கப் எடுத்த டேப்பை சாப்பாட்டுப் பையில போட்டு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவாரு. ஆபீஸே எரிஞ்சு போனாலும் மெயில் பிழைக்கணுமாம். மனுஷன் பிழைக்கிறதப் பத்தி அந்தக் கம்பெனில யாரும் அவ்வளவு யோசிச்சதில்ல. டேப்பைத் தூக்கிட்டே அலைஞ்சதால அவருக்குப் பேரே 'டேப்பு'ன்னு ஆயிடுச்சு.

அவருக்கு ஒரு தம்பி. வீட்ல சின்னவன்னு கூப்பிடுவாங்க. என் தோழிக்குக் கொழுந்தன். சொந்தத் தம்பி மாதிரிதான் அவளுக்கு. "அண்ணி, காபி", "அண்ணி, பட்டன் பிஞ்சிடுச்சு"ன்னு காலைச் சுத்திட்டே இருப்பான். அவனுக்கும் அதே கம்பெனில வேலை வாங்கிக் கொடுத்தது டேப்புதான். கீழ கோல்ட் ரூம்ல பெட்டி எண்ணுற வேலை. கைக்கு அடக்கமா ஒரு மெஷின் கொடுத்திருந்தாங்க. பெட்டி கணக்கு ஏத்தலாம், ஆபீஸ் ஆளுங்களுக்கு மெயில் அனுப்பலாம். அந்த மெயில் ஆபீஸை விட்டு வெளிய போகாது. கோல்ட் ரூம் உள்ள போன் எடுக்காது... அவ்வளவு தடிமன் சுவர். இந்த மெஷினுக்கு மட்டும் உள்ளேயே ஆன்டெனா வெச்சிருந்தாங்க.

அந்தக் கதவைப் பத்தியும் சொல்லணும். வெளிய ஒரு தாழ்ப்பாள். அதைப் போடலைன்னாலும் சாத்தினாலே கதவு இறுகிக்கும். உள்ள மாட்டிக்கிட்டா தள்ளித் திறக்க ஒரு கைப்பிடி. அந்த உள் கைப்பிடி உடைஞ்சு போயிருந்துச்சு. சின்னவன் மேனேஜர்கிட்ட போய்ச் சொன்னான், திரும்பவும் சொன்னான். "வெளிய ஒரு ஆளை நிறுத்திக்கிட்டு உள்ள போ"ன்னாராம். ஆள் எங்க இருக்கான்? ஆனா "திறந்த கதவை உடனே சாத்தவும்"னு சுவர் நிறைய எழுதி வைக்க மட்டும் பெயிண்ட் இருந்துச்சு. சாத்தலைன்னா சம்பளத்துல பிடிப்பாங்க. அதனால அங்க வேலை பாக்கிற அத்தனை பேருக்கும் கை தானா போய்க் கதவைச் சாத்தும். டேப்பு வீட்டுக்கு வந்தா பீரோ, பாத்ரூம், பக்கத்து வீட்டு கேட் வரைக்கும் சாத்திட்டுத்தான் உக்காருவாராம். அவ சிரிச்சுக்கிட்டே சொல்லுவா... அப்ப.

இப்ப கவனமா கேளுங்க. அந்தக் காலத்து சர்வர். பேக்கப் சுத்தமா வரணும்னா மெயிலை நிறுத்தணும். நிறுத்தினா, வர்ற மெயிலை வாசல்ல வாங்கி வைக்கும்... ஆனா யாரோட மெயில் பெட்டியிலயும் போடாது. தபால்காரன் கொடுத்ததை வாங்கிக்கிறவன் முழிச்சிருக்கான், வீட்டுக்குள்ள கொண்டு போய்க் கொடுக்கிறவன் தூங்குறான்... அந்த மாதிரி. அதனால ஆபீஸ் காலியான பிறகுதான் நிறுத்தணும். நிறுத்துறதுக்கு முன்னாடி, கீழ கோல்ட் ரூமுக்கு வெளிய இருக்கிற போனுக்கு அடிச்சு, யாராவது இருக்கீங்களான்னு கேக்கணும்.

அன்னைக்கு டிவில மேட்ச். பைனல். டேப்பு கேக்கல. சாயங்காலமே மெயிலை நிறுத்தி, பேக்கப்பை ஓட விட்டுட்டு வீட்டுக்குக் கிளம்பிட்டாரு. அது பாட்டுக்கு ஓடும், காலையில வந்து டேப்பை எடுத்துக்கலாம்னு.

லோடு இருந்தா சின்னவன் ராத்திரி அங்கேயே தங்கிடுவான். அதனால வீட்லயும் யாரும் தேடல.

மறுநாள் காலையில டேப்பு மெயிலைத் திரும்ப ஆரம்பிச்சாரு. வாசல்ல நின்னதெல்லாம் அவர் பெட்டியில விழுந்துச்சு. வரிசையா.

"அண்ணா, கதவு சாத்திக்கிச்சு. வந்து திற."

"அண்ணா, மேலதானே இருக்க?"

"விளையாடாத அண்ணா. குளுருது."

கடைசி மெயில்ல முழு வார்த்தை கூட இல்ல. "அண்"... அவ்வளவுதான்.

அவர் படியில விழுந்து எழுந்து கீழ ஓடறதுக்குள்ள லோடுமேன் எல்லாம் கதவைத் திறந்து, ஒரு கோணிப்பையைப் போட்டு மூடி வெச்சிருந்தாங்க.

பையனோட கவனக்குறைவுன்னு எழுதி கையெழுத்துப் போட்டுக்கிச்சு கம்பெனி. மேனேஜர் வீட்டுக்கு வந்து, சோபா நுனியில உக்காந்து, டீயைக் கூட முழுசா குடிக்காம போனாரு. மெஷினை மட்டும் அவன் அம்மாகிட்ட கொடுத்தாங்க. பேட்டரி செத்துப்போன மெஷின். அந்தம்மா அதைப் பெட்டியில துணிக்கு நடுவுல வெச்சிருக்கு இன்னைக்கும்.

டேப்பு அந்த மெயிலை எல்லாம் அழிச்சிட்டாரு. பெண்டாட்டிகிட்ட கூட அப்பச் சொல்லல. ஆனா அன்னைக்கு ராத்திரி ஓடின டேப்... அதுல அத்தனையும் இருக்கு. வாசல்ல காத்துக்கிட்டிருந்தது காத்துக்கிட்டிருந்தபடியே. டேப் கெட்டுப்போச்சுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டு, வீட்ல பீரோவுல, அவ புடவைக்கு அடியில வெச்சுட்டாரு. பயத்துல எரிச்சிருக்கலாம். எரிக்கல. தம்பி கடைசியாப் பேசினது அதுலதானே இருக்கு.

ரெண்டு வருஷம் போச்சு. அந்த கோல்ட் ரூமை மூடிட்டாங்க. குழாயெல்லாம் கழட்டி, உடைஞ்ச நாற்காலி போடுற ரூம் ஆக்கிட்டாங்க. அப்பதான் சர்வர் டிஸ்க் படுத்துச்சு. ஒரு மெயில் இல்ல, எவன் பெட்டியும் இல்ல. சரி, டேப்லேர்ந்து திரும்ப ஏத்துவோம்னு போட்டுப் பாத்தா... வெறும் டேப். அடுத்ததும் வெறும் டேப். எழுதுற மெஷின் எப்பவோ பழுதாகி, தினமும் "முடிஞ்சது"ன்னு பச்சை விளக்கைக் காட்டி ஏமாத்திட்டு இருந்திருக்கு. ஒரு நாளாவது திரும்ப ஏத்திப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். சிரிக்காதீங்க. நம்மள்ல எத்தனை பேர் ஏத்திப் பாத்திருக்கோம்?

மேனேஜர் குதிச்சாரு. "பழசோ புதுசோ, விடியறதுக்குள்ள எல்லார் பெட்டியும் திறக்கணும். இல்லன்னா நாளைக்கு நீ வர வேண்டாம்."

ஓடுற டேப் ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. புடவைக்கு அடியில.

டேப்லேர்ந்து வர்றது எப்படி வரும்னு உங்களுக்குத் தெரியும். அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே வரும். அதுக்கப்புறம் நடந்தது எதுவும் அதுக்குத் தெரியாது. அதனால மெயிலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, வாசல்ல காத்திருக்கிற பழசைக் காலி பண்ணிடணும். சின்னப் பையனுக்குக் கூடத் தெரிஞ்ச வேலை. டேப்புக்குக் கை வரல. திரும்பவும் அவனை அழிக்கணுமான்னு உக்காந்திருந்தாரு... அப்புறம் அப்படியே ஆரம்பிச்சிட்டாரு.

தோழிக்குப் போன் வந்தது அப்பதான். மூச்சு வாங்குது அவருக்கு. "சின்னவன் மெயில் போட்டிருக்கான். தேதி இன்னைக்குத் தேதி. நான் போய்க் கதவைத் திறக்கிறேன்." கட் ஆயிடுச்சு. திரும்பக் கூப்பிட்டா... எடுக்கல.

அந்த ரோட்டுல அவ எப்படி வண்டி ஓட்டினான்னு அவளுக்கே ஞாபகம் இல்லையாம். வாட்ச்மேன் வாயைப் பொளந்து தூங்கிட்டு இருந்தான். மாடிக்கு ஓடினா. நாற்காலி காலி. டேபிள்ல பாதி குடிச்ச டீ. கம்ப்யூட்டர் மட்டும் எரியுது.

"அண்ணா, கதவு சாத்திக்கிச்சு. வந்து திற." அதுக்குக் கீழ இவர் பதில்... "வரேன்டா. பயப்படாத. வரேன்."

அதுக்கும் கீழ இன்னொரு மெயில். இது அன்னைக்கு வந்த மெயில்ல இல்லாதது.

"அண்ணா, இப்ப யாரோ கதவைத் திறந்தாங்க. வெளிச்சம் வந்துச்சு. நான் கத்தினேன். அவங்க பாத்துட்டு திரும்ப சாத்திட்டுப் போயிட்டாங்க. நீ சீக்கிரம் வா."

...புரியுதா? இவர்தான். இவரேதான் போய்த் திறந்திருக்காரு. உள்ள உடைஞ்ச நாற்காலியைத் தவிர ஒண்ணுமில்ல. திரும்பி வரும்போது... பழக்கம். கை தானா சாத்திருக்கு.

அவ கீழ இறங்கினா. பாதிப் படியிலயே மூக்குல அமோனியா ஏறுச்சாம்... ரூமைக் குளிர வெக்கக் குழாயில ஓட விடுற வாயு. அந்தக் குழாயெல்லாம் கழட்டி எவ்வளவு நாளாச்சு... எங்கிருந்து வரும்? கடைசிப் படியில அவ விட்ட மூச்சு புகையா போச்சு.

கதவு திறந்திருந்துச்சு. சாத்திக்காம இருக்க ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்திருக்காரு. உள்ள தரையில, சுவர்ல சாஞ்சு, பனியனோட உக்காந்திருக்காரு. உதடெல்லாம் நீலம். அவர் சட்டை பக்கத்துல... யார் தோள்லயோ போர்த்தின மாதிரி நிமிர்ந்து நிக்குது. சரிஞ்சு விழல.

"என்னங்க"ன்னு கத்தியிருக்கா.

அவர் விரலை வாயில வெச்சாரு. "சத்தம் போடாத. இப்பதான் அவனுக்கு நடுக்கம் நின்னிருக்கு."

அப்புறம் மெதுவா சொன்னாரு. "அன்னைக்கு மெயிலை நிறுத்தினது நான்தான். மேட்ச் பாக்க. இவன்கிட்ட சொல்லிட்டேன். ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குறான். கோபம் போற வரைக்கும் இங்கதான் இருக்கப் போறேன். நீ போ."

இந்த இடத்துல நான் அவளை நிறுத்திக் கேட்டேன். "உள்ள வேற யாரும் இல்லதானே? வெறும் சட்டைதானே?"

"யாருமில்ல"ன்னா. டக்குனு. சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

அவரைத் தரதரன்னு வெளிய இழுத்திருக்கா. கல்லு மாதிரி கனம். அவர் கெஞ்சுறாரு, "விடுடி, தனியா இருப்பான், விடுடி"ன்னு. அவ விடல. வெளிய போட்டுட்டு, நாற்காலியை எட்டி உதைச்சு, கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டா. அவ அந்தக் கம்பெனில ஒரு நாள் கூட வேலை பாத்தவ இல்ல. பழக்கத்துல சாத்தினது இல்ல அது.

படி ஏறும்போது உள்ளேர்ந்து ஒரு சத்தம். டம். உள்ளங்கையால தட்டின மாதிரி. ஒரே ஒரு தடவைதான். அவ திரும்பிப் பாக்கல.

விடிஞ்சு மேனேஜர் வந்தாரு. பெட்டியெல்லாம் திறக்குதுன்னதும் சந்தோஷம். வேலை முடிஞ்சதும் டேப்புக்குச் சீட்டைக் கிழிச்சாரு. புது ஆளை வெச்சு, சின்னவன் பெட்டி, வாசல்ல நின்ன மெயில், எல்லாத்தையும் சுத்தமா துடைச்சு, அந்த டேப்பையும் நசுக்கிப் போட்டாங்க. டேப்புக்கு ரெண்டு விரல் கறுத்துப்போய் எடுக்க வேண்டியதாயிடுச்சு. பனி பட்ட விரல்னு டாக்டர் சொன்னாரு. அந்த ரூமுக்குக் கரண்ட் கனெக்‌ஷனே இல்லன்னு இவ சொன்னா, அவர் நம்பல.

டேப்பு ஆஸ்பத்திரியில வெச்சு நடந்ததெல்லாம் ஒரு தடவை அவகிட்ட சொன்னாரு. அதுக்கப்புறம் பேசறதே இல்ல. ஒரே வீடு, ஒரே சமையல், ஒரு வார்த்தை கிடையாது. "என் புருஷன் உயிரைத்தானேடி காப்பாத்தினேன்? நான் என்ன தப்பு பண்ணேன்?"னு என்கிட்ட கேட்டா. ஆறுதலா, "அங்க யாருமே இல்லையே, விடு"ன்னேன்.

அதுக்குத்தான் அவ போனை எடுத்துக் காட்டினா. அவளோட சொந்தப் போன். அந்த மெஷின்லேர்ந்து ஆபீஸை விட்டு வெளிய மெயில் போகாதுன்னு சொன்னேன் இல்ல? எல்லாத்தையும் துடைச்சு முடிச்ச மறுநாள் ராத்திரி வந்திருக்கு.

"அண்ணி, அண்ணன் என்னைப் பாக்காம சாத்தினான். நீங்க பாத்துட்டுத்தானே சாத்தினீங்க?"