நாலாவது வரிசைக் கல்

கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நல்லவர்கள்தான் ஐயா. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பூ வாடியிருந்தால் எடுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. தேய்ந்துபோன பல் பிரஷ் கொண்டுவந்து, எழுத்தின் இடுக்கில் பிடித்த பாசியைச் சுரண்டுகிற அம்மா ஒருத்தி உண்டு.

மீதிக் கால்வாசியும் எனக்குப் பழகிப்போனவர்கள்தான். கல்லின்மேல் சீட்டாடுவார்கள். காதலர்கள் பின்வரிசைக்குப் போவார்கள். மண்வெட்டியைக் கல்லில் ஒரு தட்டுத் தட்டினால் எழுந்து போய்விடுவார்கள். நாய்க்கு அவசரம் என்றாலும் இங்கேதான் கூட்டிவருவார்கள். இருபத்திரண்டு வருஷமாகக் குழி வெட்டுகிறேன். இதற்கெல்லாம் கோபப்பட்டால் பிழைக்க முடியாது. நான் கோபக்காரன் இல்லை. என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள். அவள் இப்போது அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள்.

என் மகள் நாலாவது வரிசையில், சுவரோரம் இருக்கிறாள். ஒன்பது வயது. காய்ச்சல். வேறு ஆளை வைத்து வெட்டிக்கொள்ளலாம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அவன் ஓரத்தை நேராக எடுக்கமாட்டான். நானே வெட்டினேன்.

நீங்கள் கேட்கிற ஆளின் பெயர் உங்கள் காகிதத்தில் இருக்கிறது. எங்களுக்கு அவன் ஓட்டக்காரன். விடிந்ததும் வருவான். வரிசைகளுக்கு நடுவே ஓடுவான். கல்லில் காலைத் தூக்கி வைத்து நீட்டி மடக்குவான். ஓடி முடித்ததும் என் மகளின் கல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பான். ஷூவில் ஒட்டிய சேற்றை அதன் விளிம்பில்தான் வழிப்பான். சுவரோரம் நிழல் விழும். அவனுக்கு வசதி.

இரண்டு முறை சொன்னேன். முதல் முறை சரி என்று எழுந்துகொண்டான். இரண்டாவது முறை சிரித்தான்.

"உள்ளே படுத்திருக்கறவங்களே ஒண்ணும் சொல்லலை. நீங்க ஏண்ணே முறைக்கிறீங்க?"

அது என் மகள் என்று நான் சொல்லவில்லை. அவனிடம் அதைச் சொல்லிக் கெஞ்ச எனக்கு வாய் வரவில்லை.

அந்த மாதம்தான் கல்லில் விரிசலைப் பார்த்தேன். மயிரிழைதான், நடுவிலிருந்து இடது ஓரம் வரைக்கும். புது மண் இறங்கி அடங்க ஒரு வருஷம் ஆகும், அதுவரை கல் வைக்காதீர்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் படித்துப் படித்துச் சொல்கிறவன் நான். கேட்காதவர்களின் கல் ஒரு பக்கம் சாய்ந்து நடுவில் விரிசல் விட்டுப்போகும். என் மகளுக்கு மூன்றாவது மாதமே வைத்தேன், உண்மைதான். பெயர்கூட இல்லாமல் அவளை எத்தனை நாள் போட்டுவைப்பது? ஆனால் அவள் குழியை நான் கட்டையால் இடித்து இடித்துக் கெட்டித்திருந்தேன். அது இறங்காது. அவன் உட்கார்ந்ததால்தான் விரிசல் விட்டது.

அவனுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. ஆழமான குழி வெட்டினால், பக்கம் சரியாமல் இருக்கப் பலகை வைத்துக் குறுக்கே முட்டுக்கட்டை கொடுப்போம். அப்படித் திறந்து கிடக்கிற குழியைக் கண்டால் அவனுக்கு உற்சாகம். தூரத்திலிருந்து ஓடிவந்து தாண்டுவான். அன்றைக்கு ஒருவரைப் படுக்க வைக்கப்போகிற குழி ஐயா.

"தினம் ஒண்ணு வெட்டிப் போடுங்கண்ணே, நமக்கும் பயிற்சி ஆகும்" என்றான் ஒருநாள்.

ஆகட்டும் தம்பி என்றேன்.

தையல்காரர் ஒருவரின் மனைவி இறந்தபோது ஆறடி வெட்டச் சொன்னார்கள். எட்டடி வெட்டினேன். அந்தப் பக்கம் மணல் கலந்த மண், மழையும் பெய்திருந்தது. சாயங்காலம் கிளம்பும்போது முட்டுக்கட்டையையும் பலகையையும் கழற்றிக் கொட்டகையில் அடுக்கினேன். நான் அங்கே எதையும் வைக்கவில்லை, எடுத்தேன், அவ்வளவுதான். குழி எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி திறந்துதான் இருந்தது. தாண்டச் சொல்லி அவனை யாரும் கேட்கவில்லை.

காலையில் தாண்டினான். கால் ஊன்றிய கரை அவனோடு சேர்ந்து உள்ளே போனது. நான் எட்டிப் பார்த்தபோது மல்லாந்து கிடந்தான், இடுப்புக்குக் கீழே எல்லாம் மண். என்னைப் பார்த்ததும் அவன் முகம் தெளிந்தது.

"நல்லவேளை வந்தீங்கண்ணே. கை குடுங்க."

நாலாவது வரிசைக் கல்லில் ஏன் உட்கார்ந்தாய் என்று கேட்டேன்.

"எந்தக் கல்லு?" என்றான்.

அவன் விளையாடவில்லை. நிஜமாகவே யோசித்துப் பார்த்தான். தினமும் உட்கார்ந்த கல், அவனுக்கு நினைவில்லை.

அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. மேலே குவித்து வைத்திருந்த மண்ணைத் தள்ளினேன். இருபது நிமிஷ வேலை. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்றான். பெண்ணா பையனா என்று நான் கேட்கவில்லை. பிறகு அடியைச் சமன் செய்து, சரிந்த பக்கத்துக்குப் பலகையைத் திரும்ப வைத்து, கோலால் அளந்து பார்த்தேன். ஆறடி சரியாக இருந்தது.

பத்து மணிக்குப் பெட்டி வந்தது. குழி எவ்வளவு நேராக இருக்கிறது என்று தையல்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதன்பிறகு ஞாயிறு தவறாமல் வருவார். பார்வை மங்கல். வழியில் எந்தக் கல்லிலாவது கால் இடித்துவிட்டால் நின்று, "மன்னிச்சுக்கம்மா, கண்ணு சரியாத் தெரியலை" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வார். அப்படிப்பட்ட மனிதர் ஏழு மாதம் அவன் தலைக்கு மேல் வந்து நின்றார். அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது, மறைக்கமாட்டேன்.

மனைவியின் குழி ஒரு பக்கமாக இறங்குகிறது என்று அவர்தான் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தாராம். அன்றைக்கு நேரமில்லை, அடிமண்ணை நான் சரியாக இடிக்கவில்லை. நீங்கள் பெட்டியை வெளியே எடுத்தபோது அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அவர் மனைவிக்கு நான் ஓர் அவமரியாதையும் செய்யவில்லை என்று யாராவது அவரிடம் சொன்னால் நல்லது.

எல்லாம் நான் செய்ததுதான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. அவன் போய் ஏழு மாதம் ஆகியும் என் மகளின் கல்லில் விரிசல் நிற்கவில்லை. இப்போது சுண்டுவிரல் நுழைகிறது. மண் இறங்குகிறது என்று புதிதாகச் சேர்ந்த ஆள் சொன்னான், நீங்களும் அதையே சொல்வீர்கள். இல்லை ஐயா. வேறு யாரோ வந்து உட்காருகிறார்கள். காலை வேளையில் ஒரு மணி நேரம் என்னை அங்கே விடுங்கள், யாரென்று நான் பார்த்துவிடுகிறேன்.