தவக்கால வெள்ளியில் காளான் குழம்பு

"என் மானம் போனது உன்னாலதான்யா!"

எர்ணாவூர் ரயில்வே கேட்டில் நின்ற பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் தன் புருஷனிடம் கத்தினாள்.

"நா இன்னாம்மே பண்ணேன்? கம்பெனில வைக்கோல்ல காளான் வளக்குறோம். காளான் அந்த வைக்கோல்ல வுடுற என்சைம்தான் கம்பெனிக்கு வேணும். அதை அலசி எடுத்த தண்ணி, மில்லுத் துணில ஏத்துன கஞ்சியைக் கரைக்கப் போவுது. காளான் அவுங்களுக்கு வேணாம். வூட்டுக்குக் கொண்டாந்தேன்."

"கறியே தொடக்கூடாத தவக்காலத்து வெள்ளிக்கெயமைல கொண்டாந்தே. மசாலா அரைச்சுக் கொயம்பு வெச்சேன். கறி வாசனை வருதுன்னு தெருவே கூடிச்சு. மாதா கோயில்ல என்கூட பூ வைக்கிற நாலு பொம்பளைங்களும் வந்து பாத்துட்டு, அந்த வேலையிலேர்ந்து என்னை எடுத்துட்டாளுங்க."

"காளான்னு சொல்றதுதானே?"

"சொன்னேன். நாலு பேரும் ஆளுக்கொரு துண்டு தின்னுட்டு, ஆட்டு ஈரலேதான்னு சாதிக்கிறாளுங்க."

"அப்ப அவுங்களும் வெள்ளிக்கெயமைல கறி தின்னவங்கதானே?"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டருக்கு விசிலே ஊத முடியவில்லை. எனக்கு அந்த நாலு பேர் மேல்தான் எரிச்சல். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை.

"இங்க பேசி இன்னா பிரயோஜனம்? ஞாயித்துக்கெயமை பூசை முடிஞ்சதும் கோயில் வாசல்ல நில்லு. நா ஆக்குனது கறியா, காளானா? அத்தினி பேருக்கும் கேக்குறா மாதிரி நீயே பதில் சொல்லு!"