சியா மரீசாவைக் கடைசிவரை கேட்டவர்

கோப்பி நன்றாக இருக்கிறது, தங்கச்சி. பொலிஸ் நிலையத்துக் கோப்பி கழுவின தண்ணி மாதிரித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இந்தப் பொலிஸ் ஐயாவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். எனக்குப் பிரெஞ்சு வரும், அதைவிட நன்றாக இத்தாலியன் வரும். ஆனாலும் தமிழில் சொன்னால்தான் எனக்கு வரிசை குழம்பாது. நான் சொல்கிறபடியே மொழிபெயர்த்துவிடுங்கள். சுருக்க வேண்டாம். சுருக்கிக் கேட்டதால்தான் இவ்வளவும் வந்தது.

என் பெயர் அருமைராசா, ஊர் திருகோணமலை. மொன்றியலுக்கு வந்த புதிதில் ஒரு இத்தாலியன் உணவகத்தில் கோப்பை கழுவப் போனேன். பிறகு சமையலுக்கு ஏறினேன். அங்கே முதலாளியில் இருந்து மரக்கறி கொண்டுவருகிறவன் வரைக்கும் எல்லோரும் இத்தாலியன்தான் கதைப்பார்கள். ஏச்சு வாங்கி வாங்கியே மொழி பிடிபட்டுவிட்டது. இப்போது மொன்றியலுக்குப் பக்கத்தில் புரோசார்ட்டில் சொந்தமாகக் கேட்டரிங் செய்கிறேன். பிறந்தநாளோ செத்தவீட்டு அந்தியேட்டியோ, எங்கள் ஆட்களின் வீட்டு மட்டன் ரோல்ஸ் அநேகமாக என்னுடையதாகத்தான் இருக்கும்.

சியா மரீசா என்பது ஒரு இசைக்குழு. மரீசா மாமி என்று அர்த்தம். நாலு ஆம்பிளைகள், அதில் ஒருவருக்கும் மரீசா என்று பெயர் இல்லை, அவர்களுக்கு அப்படி ஒரு மாமியும் இல்லை. எனக்கு இதுவே பெரிய சிரிப்பு. அவர்களில் ஒருவன் கதை சொல்லுவான், மற்ற மூன்று பேரும் பின்னால் மெதுவாக வாசிப்பார்கள். அவன் பாடமாட்டான். பக்கத்து இருக்கையில் இருக்கிறவரோடு கதைக்கிற மாதிரிக் கதைப்பான். ஒரு பாட்டில் ஒருத்தன் கண்ணாடிக்கு முன்னால் நின்று, வீட்டை விற்றுவிட்டதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்ப்பான். பாட்டு முழுக்க ஒத்திகைதான். கடைசியில் போய்ச் சொன்னால் அம்மா, தெரியும் மகன், நான்தானே வீட்டை வாங்கினவர்களுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுத்தேன் என்பாள். அந்த வரி வரும்போது மேளம் நின்றுவிடும். நான் முதன்முதலில் கேட்டபோது ஷம்ப்ளேன் பாலத்தில் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். பாலம் முடிந்ததும் ஓரம்கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தேன்.

அப்போதுதான் என் மனைவி றோசலின் மகளையும் கூட்டிக்கொண்டு ரொறொன்ரோவுக்குப் போயிருந்தாள். சண்டை ஒன்றும் இல்லை. நான் ஒரு விஷயத்தைப் பிடித்தால் விடமாட்டேன் என்று ஒரு குறை சொல்லுவாள், அவ்வளவுதான். வீட்டில் கதைக்க ஆள் இல்லை. யோசித்துப் பாருங்கள் தங்கச்சி, இந்த ஊரில் ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு ஒரு கதையைத் தொடங்கி முடிவு வரைக்கும் சொல்கிறானா? அந்தப் பாட்டில் கதைக்கிறவன் எனக்குச் சொன்னான்.

விமர்சகர்கள் அவனைப் பிடித்துத் தின்றார்கள். பாடத் தெரியாதவன் என்றார்கள், ஒரே சுருதி என்றார்கள், இதைப் புத்தகமாகப் போட்டால் மரம்தான் வீண் என்று ஒருவர் எழுதினார். நான் அவர்களுக்கு இத்தாலியனில் மரியாதையாகப் பதில் எழுதினேன். பாடினால் குரலைக் கவனிப்பீர்கள், கதைத்தால்தான் ஆளைக் கவனிப்பீர்கள் என்று எழுதினேன். சுருதி மாறாமல் இருப்பது, கேட்கிறவன் எழும்பி ஓடாமல் இருக்கத்தான் என்றும் எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை. அதற்கு நான் கோபப்படவில்லை. நான் கோபக்காரன் இல்லை. யாரை வேண்டுமென்றாலும் கேட்டுப் பாருங்கள்.

ஞானேந்திரன் அண்ணையைக் கேட்க முடியாது என்பது உண்மைதான்.

அண்ணை யாழ்ப்பாணத்து ஆள். வேலையில் ஓய்வு பெற்ற பிறகு இணையத்தில் ஒரு தமிழ் வானொலி நடத்தினார். மொன்றியலில் தமிழ் வீடுகளில் சனிக்கிழமை மத்தியானம் சமையலறையில் அவருடைய குரல்தான் கேட்கும். நல்ல பகிடிக்காரர், நல்ல மனிதர். போன வருஷம் அவருக்கு நெஞ்சில் அடைப்பு எடுத்தபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு திரிந்தது நான்தான். குளிருக்குள் திரிய வேண்டாம் என்று டொக்டர் சொன்னதை அவருக்குத் தமிழில் சொன்னதும் நான்தான்.

நீங்களும் ஒரு பாட்டு போடுங்கோ ராசா என்று அவராகத்தான் என்னைத் தன் நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டார். நான் அந்தத் திரைச்சீலைப் பாட்டைக் கொண்டுபோனேன். முன்னுரை சொன்னேன், பாட்டு தொடங்கியது. அவன் இன்னும் கண்ணாடிக்கு முன்னாலேயே வரவில்லை, அதற்குள் அண்ணை நிறுத்திவிட்டார்.

"நேயர்களே, இது பாட்டில்லை. ஆரோ ஒரு இத்தாலிக்காரன் டிப்போவில நிண்டு பஸ் நேரம் வாசிக்கிறான்."

அங்கே இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நல்ல பகிடிதான். அதற்குப் பிறகு கோயிலிலும் கலியாண வீட்டிலும் என்னைக் கண்டால், அருமைராசா அண்ணை, பஸ் வந்திட்டுதோ என்பார்கள். ரோல்ஸ் எடுக்க வருகிறவர்களும் கேட்டார்கள். மகள் தக்ஷினி ரொறொன்ரோவில் இருந்து ஃபோன் எடுத்தபோது, அப்பா, பஸ் டைம் என்ன என்று கேட்டுவிட்டு, தானே சிரித்துக்கொண்டு ஃபோனை வைத்துவிட்டாள். அவள் மாதத்தில் ஒருக்காத்தான் எடுப்பாள். அன்றைக்கு வேறு ஒன்றும் கதைக்கவில்லை.

நான் நியாயமான வழியெல்லாம் பார்த்தேன். பாட்டுகளைத் தமிழாக்கிக் கொடுத்தேன். காரில் ஏற்றி வைத்துப் போட்டுக் காட்டினேன். அண்ணை கொஞ்ச நேரம் கேட்பார், பிறகு அரசியல் கதைக்கத் தொடங்கிவிடுவார். ஒரு பாட்டையாவது அவர் முடிவு வரைக்கும் கேட்டதில்லை. முடிவு கேட்காதவர் எப்படி அபிப்பிராயம் சொல்லலாம்? இந்த ஐயாவிடம் கேளுங்கள். அவரும் என்னுடைய கதையை முடிவு வரைக்கும் கேட்கத்தானே இருக்கிறார்.

மாசி மாதம் அண்ணையின் பேத்திக்குப் பிறந்தநாள் வந்தது. ரோல்ஸ் எடுக்க வந்தார். என் உதவியாள் யோசெப்பினுக்கு அன்றைக்கு லீவு கொடுத்திருந்தேன், வேறு ஓடரும் எடுக்கவில்லை. அமைதியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அடுப்படி சூடாக இருந்தது. வந்தவரின் கோட்டை வாங்கி ஆணியில் கொளுவினேன். அது விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை. ஃபோன் கோட்டுக்குள் இருந்தது என்பது எனக்குத் தெரியும். ரோல்ஸ் ஃப்ரீசர் அறைக்குள் கடைசித் தட்டில் இருக்கு அண்ணை, உங்களுக்கு வேண்டியதைப் பார்த்து எடுங்கோ என்றேன். அவர் உள்ளே போனார். நான் கதவைச் சாத்தினேன்.

உள்ளே இருந்து கதவைத் திறக்க, தள்ளுகிற கைப்பிடி ஒன்று இருக்கும். அது கோடையில் இருந்தே ஆடிக்கொண்டிருந்தது. காலையில்தான் கழற்றி வைத்தேன். வெளிச்சத்தையும் அணைத்தேன், வெளிச்சம் இருந்தால் கவனம் சிதறும். ஸ்பீக்கரை முதலே உள்ளே வைத்திருந்தேன், கதவைச் சாத்தினவுடன் என் ஃபோனில் இருந்து ஓடவிட்டேன். உறைகுளிரில் அது வேலை செய்யுமோ என்று எனக்கு ஒரு பயம். அதனால் முதல்நாளே வைத்துப் பார்த்தேன். ஒரு பழுதும் வரவில்லை.

முதலில் அண்ணை சிரித்தார். பிறகு தட்டினார்.

"ராசா, கதவு இறுகிப்போச்சு. திறவடாப்பா."

"அண்ணை, முதல் பாட்டு எட்டு நிமிசம்தான். இருந்து கேளுங்கோ."

திரும்பவும் கதவைத் தட்டினார். பிறகு சொன்னார், "சரி, நல்ல பாட்டு. நான் ரேடியோவிலயே சொல்லுறன். இப்ப திற."

"இன்னும் முடிவு வரேல்லையே அண்ணை."

அது தடித்த கதவு. பாட்டு வெளியே மெல்லிசாகத்தான் கேட்டது. ஆனால் எனக்கு எல்லாம் மனப்பாடம். அண்ணைக்கு இத்தாலியன் தெரியாதே என்று, கதவில் வாயை வைத்து வரிக்கு வரி தமிழில் சொன்னேன், தொண்டை கட்டும் வரைக்கும். திரைச்சீலை வரி வந்தபோது எனக்குக் கண் கலங்கியது. அண்ணை அப்போது தன் மனைவியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். நெஞ்சு என்றும் சொன்னார். அந்தப் பாட்டு அப்படித்தான், நெஞ்சைப் பிடிக்கும்.

பிறகு தட்டுவது குறைந்துகொண்டே வந்தது. படகுத்துறையில் டிக்கெட் விற்கிறவனின் பாட்டு வந்தபோது சுத்தமாக நின்றுவிட்டது. எனக்கு அப்போது எவ்வளவு சந்தோஷம் என்று எப்படிச் சொல்வேன். இவ்வளவு காலமும் நடுவில் கதைத்துக் குழப்பின மனிதர், இப்போது பேசாமல் இருந்து கேட்கிறார்.

முதல் ஆல்பம் முடிந்தவுடன் நான் திறந்திருக்கலாம் என்று இந்த ஐயா சொல்கிறார். திறந்திருக்கலாம்தான். ஆனால் இரண்டாவது ஆல்பம் தானாகத் தொடங்கிவிட்டது. அதுதான் அவர்களுடைய ஆகச் சிறந்தது. நடுவில் நிறுத்துவது எனக்குப் பழக்கம் இல்லை. ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து கதவடியில் இருந்தேன். அதுவும் முழுக்க முடிந்த பிறகுதான் திறந்தேன். பிறகு பொலிசுக்கு ஃபோன் எடுத்தேன். ஓம், அண்ணை செத்துப்போனார், நான்தான் பூட்டினேன், வேண்டுமென்றேதான் பூட்டினேன். அதை இந்த ஐயா தாராளமாக எழுதிக்கொள்ளலாம், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை, அதையும் எழுதச் சொல்லுங்கள். நான் திறந்தபோது அண்ணை ஸ்பீக்கரைக் கட்டிப்பிடித்தபடி இருந்தார், காது அதிலேயே ஒட்டியிருந்தது. அந்த இருட்டில் ஸ்பீக்கரின் சின்ன நீல வெளிச்சத்தைத் தவிர வேறு ஒன்றும் இல்லை, பாவம், அதைத் தேடித் தவழ்ந்து போயிருக்கிறார் என்று இந்த ஐயா சொல்கிறார். அதில் நிறுத்துகிற பொத்தான் இருக்கிறது, தங்கச்சி. அவருடைய கைக்குக் கிட்டத்தான் இருந்தது. பிடிக்காத பாட்டு என்றால் அண்ணை நிறுத்தியிருக்கமாட்டாரா?